பொனற்றில் வைத்த கை

கொக்குவிலில் முதல் பார்த்த பிக்கப் வெள்ளை.
கழுவின ஈரம் ரயரில் இன்னும் காயவில்லை.
அமலதாசன் ஒன்றும் கேட்கவில்லை,
காய்ச்சல் பார்க்கிறமாதிரி
பொனற்றில் புறங்கையை வைத்தான்.
"நாங்கள் வரமுதல் ஸ்ராட் பண்ணிப்போட்டியள்."
"பற்றறி இறங்கிப்போகும் எண்டு, அண்ணை..."
நிரோஜன் சிரித்தான்.
சூடேற்றி வைத்த எஞ்சின்
சொல்லிக்குடுத்த சாட்சி.

மீற்றரில் எண்பத்தேழாயிரம்.
கிளச்சுப் பெடலிலோ புது றப்பர்.
எண்பத்தேழாயிரத்துக்குள் அதைத் தேய்ப்பதென்றால்
சாரதிக்கு யானைக்கால் இருந்திருக்கவேணும்.
கதவில், வெயில் சரிவாய் விழுந்தபோது மட்டும்,
உரித்தெடுத்த ஸ்ரிக்கரின் வட்டம்.
எந்த நிறுவனமோ, எந்த முகாமுக்குத்
தண்ணியும் தறப்பாளும் இழுத்த ஓட்டமோ,
ஒரு மீற்றரிலும் அது இல்லை.
சேசிஸ் முழுக்கக் கறுப்புப் பெயின்ற், நேற்றைய மணம்.
"எழுபத்தைஞ்சு லட்சம் அக்கா, இண்டைக்கெண்டால்."
இண்டைக்கு இல்லை என்றேன்.

எனக்கு வேண்டியது வடிவில்லை.
விடிய நாலு மணிக்கு ஊர்காவற்றுறையில் ஏற்றுகிற நண்டு
எட்டுக்குள் கொம்பனி வாசலில் கால் அசைக்கவேணும்.
நடுப்பாலத்தில் வண்டி நின்றால்
இரண்டு பக்கமும் கடல் இருந்தும்
பெட்டிக்குள் செத்துப்போகும்.
போன ஆவணியில் அப்படி ஒரு நாள்.
அந்தக் கணக்கை இன்னும் கட்டுகிறேன்.

காரைநகரில், பூவரசுக்குக் கீழே,
பச்சை. ஒரு கதவு மட்டும் சாம்பல்.
பொனற்றில் பனித்துளி இருந்தது.
அமலதாசன் துடைக்காமல் கொஞ்சநேரம் அதையே பார்த்தான்.
மூன்றாம் திருப்பலில் எழும்பி
கறுப்பாய் ஒரு இருமல், பிறகு நரை,
பிறகு வெறும் காற்று.
ஒயில் மூடியைத் திறந்து மணந்தான்.
ஸ்குரூட்றைவரோடு அடியில் பூந்தான்.
டிக், டிக், டிக்,
பொத்.
"அதுதான்," என்றார் சிவகடாட்சம், குனியாமலே.
"அதோடை இன்னும் ரெண்டு இருக்கு. சோக்காலை கீறி விட்டிருக்கிறன்."
உண்மைதான். துருவைச் சுற்றி மூன்று வெள்ளை வட்டம்,
பிள்ளையின் கொப்பியில் வாத்தியார் பிழை கீறினதுபோல்.

டாஷ்போட்டுக்குள்ளிருந்து கொப்பியை எடுத்துத் தந்தார்.
ஒயில் மாத்தினது, பெல்ற் மாத்தினது, கிலோமீற்றர், திகதி.
2006 ஆவணிக்குக் கீழே:
'பாதை பூட்டு. புது ஒயில் இல்லை.
பழசை வடிச்சுச் சீலையிலை அரிச்சு விட்டது.'
மார்கழியிலும் அதே வரி, 'திரும்பவும்' என்று தொடங்கி.
"எஞ்சினுக்கு இது கூடாத வேலை, அக்கா,"
அமலதாசன் என் காதில் சொன்னான்.
பக்கத்தைத் திருப்பினான்.
திருப்பிக்கொண்டே இருந்தான்.

ஒட்டுக்கூலியை முன்னமே கழித்துத்தான் விலை சொன்னாராம்.
நான் அதிலும் ஒன்றரை குறைத்தேன். தந்தார்.
கொப்பியை நீட்டினவர், பின்னுக்கு இழுத்து,
சவர பிளேட்டால் கடைசி நாலு தாளை
தையல் அறாமல் மெல்ல வெட்டி எடுத்தார்.
தாள் மடங்கமுதல் ஒரு சொல் கண்ணில் பட்டது:
ஆஸ்பத்திரி. அதற்குக் கீழேயும் ஆஸ்பத்திரி.
மிஞ்சின கடைசி எண்ணுக்கும் மீற்றருக்கும் இடையில்
ஆயிரத்துத் தொளாயிரம் கிலோமீற்றர் குறைந்தது.
கொக்குவிலில் பெடல் றப்பருக்கே துள்ளினவன்
நிலத்தைப் பார்த்தான்.
நானும் கேட்கவில்லை.

பொன்னாலைப் பாலத்தில் குறுக்குக் காற்று.
பின்னால் மோட்டசைக்கிளில் புகை பார்த்து வந்தவன்
கையை உயர்த்தினான்.
நில் என்றா, போ என்றா தெரியவில்லை.
நான் போனேன்.

அடுத்தநாள் மூன்றரை மணி.
பொனற் குளிர்.
வெட்டின தாள்களின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில்
இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நாப்பது என்று எழுதினேன்.
பேனை முதலில் பிடிக்கவில்லை.
பின்னால், பெட்டிகளுக்குள்,
பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.